‘டேக்’ என்றால் ‘எடு’ மட்டும்தானா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் காலையில் நான் நடத்தும் தமிழ் வகுப்பில், பத்து வயது மாணவி ஒருத்தி தன் வாரம் எப்படிப் போயிற்று என்று நான்கு வரிகள் எழுதிக் கொடுத்தாள். “திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல். மாத்திரை எடுத்தேன். புதன்கிழமை பஸ் எடுத்துப் பள்ளிக்குப் போனேன். வெள்ளிக்கிழமை ஆயா என்னைக் கோவிலுக்கு எடுத்தார்கள்.” எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, வல்லெழுத்து மிகவேண்டிய இடங்களிலெல்லாம் மிகுந்திருந்தது. ஆனாலும் அந்த நான்கு வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்து தமிழாக இருந்தது. வினை மட்டும் தமிழாக இல்லை.

அவள்மேல் குற்றமில்லை. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகளோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைக்கு வந்து சேர்ந்த பிறகு, ஐந்தாறு தலைமுறைகள் கடந்துவிட்டன. இன்று எங்கள் வீடுகளில் பெரும்பாலானவற்றில் அடுப்படிப் பேச்சும் ஆங்கிலமே. ‘டேக்’ என்ற ஆங்கில வினைக்கு அகராதியில் முதலில் கிடைப்பது ‘எடு’. ஆகவே ‘டேக்’ வரும் இடத்திலெல்லாம் அவள் ‘எடு’வைக் கொண்டுபோய் வைத்தாள். அந்த ஒரு வினையை அவளுக்கு எப்படி விளக்குவது என்று யோசிக்கத் தொடங்கியதுதான் இந்தப் பதிவு.

ஆங்கிலேயர் மூச்சுக்கு ஒருமுறை சொல்லும் இந்த ‘டேக்’ ஆங்கில மண்ணில் முளைத்த சொல்லே அன்று. பழைய ஆங்கிலத்தில் இந்தப் பொருளுக்கு ‘நிமன்’ என்ற வினைதான் இருந்தது. 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கிய வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகள், 865-இல் பெரும்படையாக வந்து, பிறகு இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, நிலத்தை உழுது, உள்ளூர்ப் பெண்களை மணந்து, சந்தையில் அக்கம்பக்கத்தாரோடு பேரம் பேசி வாழ்ந்தபோது, அவர்களுடைய நோர்ஸ் மொழியின் ‘டக்கா’ என்ற வினையும் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பழைய ஆங்கிலக் காலத்தின் கடைசியில்தான் அது எழுத்தில் தென்படுகிறது. அதன்பின் சில நூற்றாண்டுகளில் ‘நிமன்’ இருந்த இடம் தெரியாமல் போயிற்று. முட்டைக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘எக்’, சன்னலுக்கு உள்ள ‘விண்டோ’, ‘அவர்கள்’ என்பதற்கு உள்ள ‘தே’ ஆகியவையும் அதே வழியில் வந்தவைதாம். பொருளின் பெயர் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போவது எங்கும் நடப்பது. கைகாலைப் போல அன்றாடம் புழங்கும் ஒரு வினையே வெளியிலிருந்து வந்து சொந்த வினையைத் தள்ளிவிட்டு அமர்வது அரிது. அதனால்தான் இந்தச் சொல்லின் கதை என்னை இவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது.

தள்ளப்பட்ட சொல் முழுவதும் சாகவில்லை. ‘நிம்’ என்று குறுகி, கடைசியில் திருடுவதைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாக இறங்கியது. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் வரும் திருட்டுப் பேர்வழிக்கு ‘நிம்’ என்றே பெயர். சுறுசுறுப்பானவரைச் சொல்லும் ‘நிம்பிள்’, சட்டென்று கைப்பற்றக்கூடியவர் என்ற பொருளில் அதே வேரிலிருந்து கிளைத்தது. இன்னொரு எச்சத்தை நாம் பல் மருத்துவரிடம் சந்திக்கிறோம். ஈறில் ஊசி போட்டுச் சிறிது நேரம் கழித்து, கன்னத்தைத் தொட்டு மரத்துவிட்டதா என்ற பொருளில் “‘நம்’ ஆகிவிட்டதா?” என்று அவர் கேட்கிறாரே, கடைசியில் ஒலிக்காத ‘பி’யோடு எழுதப்படும் அந்தச் சொல், ‘நிமன்’ வினையின் எச்சமே. உணர்வு பிடுங்கப்பட்டது என்பது அதன் மூலப்பொருள். ஒரு மொழியின் முதன்மை வினையாக இருந்தது, இன்று மரத்துப்போன உதட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டர்பனில் வாழ்பவர்களுக்கு அந்தப் பழைய வினையைக் காண இங்கிலாந்து வரை போகவேண்டியதில்லை. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘எடு’ என்பதற்கு உள்ள ‘நியெம்’, டச்சு மொழியின் வழியாக வந்த அதே குடும்பத்துச் சொல்தான். பள்ளியில் அதைப் படித்த எங்கள் பிள்ளைகள், ஆங்கிலம் தொலைத்த சொல்லை நாவில் வைத்திருக்கிறார்கள். ஜூலுவில் ‘எடு’ என்பதற்கு உள்ள வினை ஏறக்குறைய நம் ‘தாத்தா’வைப் போலவே ஒலிக்கும். இதைச் சொன்னால் வகுப்பு முழுவதும் சிரிக்கும், பிறகு யாரும் மறப்பதில்லை.

இந்த அண்டை மொழிகள் எனக்குப் பாடம் நடத்தவும் உதவின. மாத்திரையை ஆங்கிலேயர் எடுக்கிறார்கள்; ஆப்பிரிக்கான்ஸ் பேசுபவர்களும் ஜூலு பேசுபவர்களும் அதைக் குடிக்கிறார்கள்; தமிழர் சாப்பிடுகிறார்கள். பஸ்ஸை ஆங்கிலேயர் எடுக்க, ஜூலு பேசுபவர் ஏறுகிறார், தமிழரும் ஏறுகிறார் அல்லது பிடிக்கிறார். தேர்வுக்கு மட்டும் எங்கள் ஊரில் ‘டேக்’ வருவதில்லை. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்திலும் தேர்வை எழுதத்தான் செய்கிறோம். ஆகவே என் மாணவர்களில் ஒருவர்கூட இதுவரை “பரீட்சை எடுத்தேன்” என்று எழுதியதில்லை. பிள்ளைகளின் பிழை எங்கே பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

அடுத்தது கோவில். ‘டேக்’ பிடித்துக்கொண்டு போவதையும் உடன் கூட்டிச் செல்வதையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது: பையையும் அதுதான், பாட்டியையும் அதுதான். தமிழ் அப்படி விடுவதில்லை. பையை எடுத்துச் செல்கிறோம், தம்பியை அழைத்துச் செல்கிறோம், மாட்டை ஓட்டிச் செல்கிறோம், நோயாளியைத் தூக்கிச் செல்கிறோம். ஆயா உன்னை அழைத்துச் சென்றார்கள் என்று எழுதினால், நீ உன் காலால் நடந்தாய் என்பதும் ஆயா உன்னோடு வந்தார்கள் என்பதும் அந்த வினைக்குள்ளேயே இருக்கின்றன என்று அவளிடம் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்போ காவடி?” என்று கேட்டாள்.

அருமையான கேள்வி. தைப்பூசத்தில் நாம் காவடி எடுக்கிறோம். அங்கே ‘எடு’ தன் சொந்த வீட்டில் இருக்கிறது. தரையில் இருப்பதை மேலே தூக்குவதுதான் அதன் அடிப்படை. கரகம் எடுப்பதும், தீச்சட்டி எடுப்பதும், அடியெடுத்து வைப்பதும், படையெடுப்பதும், நொடித்துப்போன குடும்பம் தலையெடுப்பதும் அந்த ஒரே அசைவின் கிளைகள். உள்ளிருந்து கிளம்புவதற்கும் அதுவே: பசி எடுக்கிறது, தாகம் எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது. இந்தக் கடைசி மூன்றில் ஒன்றையாவது ‘டேக்’ போட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், முடியாது. ‘டேக்’ வினைக்கோ உறவு வேறு. அதனோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பழைய காதிக் மொழியில் அதற்கு இணையான வினை தொடுவதைத்தான் குறித்தது. தொடுதலிலிருந்து பற்றுதல், பற்றுதலிலிருந்து தன்னுடையதாக்குதல் என்று அது விரிந்தது. ஒன்று மேலே தூக்கும் கை, மற்றொன்று தன் பக்கம் இழுக்கும் கை.

தன் பக்கம் இழுக்கும் கைக்குத் தமிழில் பழைய சொல் ‘கொள்’. கொள்முதல், கொள்கலன், கொள்ளளவு, கொள்ளை, கொள்கை, கொண்டவன் என எத்தனை வாழ்வை அந்த ஓரசை சுமக்கிறது! சம்பந்தம் செய்த வீட்டாரைக் கொண்டான் கொடுத்தான் என்கிறோம். தனியாக நின்று பேசும் இடம் இன்று அதற்குக் குறைந்துவிட்டாலும், வேறு வினைகளின் வாலில் அமர்ந்து நாள் முழுவதும் உழைக்கிறது: கற்றுக்கொள், ஏற்றுக்கொள், கலந்துகொள், வைத்துக்கொள். ‘டேக்’ வினைக்கு உண்மையான இணை தேடுபவர், எடுவை விட்டுவிட்டு முதலில் இங்கேதான் பார்க்கவேண்டும் என்பது என் துணிபு.

ஆங்கில வழி வந்த வழக்குகள் எல்லாவற்றையும் களைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. “நடவடிக்கை எடு”, “ஓய்வு எடு” போன்றவை செய்தித்தாளிலும் வீட்டிலும் ஊறிவிட்டன. அவற்றைச் சிவப்பு மையால் நான் சுழிப்பதில்லை. ஆனால் பத்து வயதில் ‘சாப்பிடு’, ‘ஏறு’, ‘அழைத்துச் செல்’ ஆகிய மூன்றையும் ஒரு குழந்தை ‘எடு’ ஒன்றுக்கே கொடுத்துவிடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ‘நிமன்’ சென்ற வழி எனக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு வினை கூடுதலாக விழுங்கும்போது, விழுங்கப்படும் வினைகள் சத்தமில்லாமல்தான் போகின்றன.

சென்ற சனிக்கிழமை அவள் ஆயாவின் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்து கொண்டுவந்தாள். ஆங்கிலத்தில் ‘டேக் கேர்’ என்று எழுதுவார்களே, அதைத் தமிழில் எப்படி எழுதுவது, இங்கேயாவது ‘எடு’ வருமா என்று கேட்டாள். ஆயா உனக்குத் தொலைபேசியை வைக்கும் முன் என்ன சொல்வார்கள் என்று திருப்பிக் கேட்டேன். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. சாமந்திப் பூ வரைந்த ஓரத்துக்குள் “உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆயா” என்று எழுதி, ‘கொள்’ளின் அடியில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்து, என்னிடம் காட்டிவிட்டு, பிறகு அதை அழித்துவிட்டாள்.