நைட்டுகளின் தீவில் ஒரு கேரர்

மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவுக்கு என்னைப் போல் கேரராக, அதாவது முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, வருகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஒன்று புரிந்துவிடும். இங்கே எதைத் தொட்டாலும் அதன் பின்னால் ஒரு நைட் (knight) நிற்பார், அதாவது ஒரு காலத்தில் இந்தத் தீவை ஆண்ட புனித யோவான் (செயின்ட் ஜான்) சபையின் துறவி வீரர். தலைநகர் வல்லெட்டா ஒரு நைட்டின் பெயர். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் செங்லேயா இன்னொருவர் பெயர். நான் குடியிருக்கும் பவுலாவும் 1626-இல் சபையின் தலைவர் அந்த்வான் த பவுல் தொடங்கி வைத்த ஊர்தான். சம்பளமாக வாங்கும் யூரோ நாணயத்தைத் திருப்பினால் அதிலும் அவர்களுடைய எட்டுமுனைச் சிலுவை.

அந்தச் சிலுவையை நான் திருச்சியிலேயே பார்த்திருக்கிறேன். நர்சிங் படித்தபோது முதலுதவிப் பயிற்சிக்கு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சான்றிதழ் கொடுத்தார்கள். அதன் மேல் அச்சாகியிருந்தது. ஏதோ ஆஸ்பத்திரிச் சின்னம் என்பதற்கு மேல் யோசித்ததில்லை. இங்கே பீரங்கி மேடைகளிலும் கோட்டை வாசல்களிலும் அதையே பார்த்தபோதுதான், இது யாருடைய சின்னம் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். லீவு நாளில் காசு செலவில்லாமல் செய்யக்கூடியதும் அது ஒன்றுதான்.

சபையின் கதை ஜெருசலேமில் தொடங்குகிறது. 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அமால்ஃபி நகர வணிகர்கள் யாத்ரீகர்களுக்காக அங்கே ஒரு சத்திரமும் மருத்துவமனையும் வைத்திருந்தார்கள். ஜெரார்டு என்றொருவர் அதைப் பார்த்துக்கொண்டார். 1099-இல் சிலுவைப்போர் படை ஊரைப் பிடித்தது. 1113-இல் போப் இரண்டாம் பாஸ்கல் அந்த மருத்துவமனைக்காரர்களைத் தனிச் சபையாக ஏற்றார். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வாக்குறுதிகள். அடுத்துத் தலைவரான ரேமண்ட் து புய் எழுதிய ஒழுங்கில் சேருகிறவர்களுக்கு உறுதி சொல்வது ரொட்டி, தண்ணீர், எளிய உடை, அவ்வளவுதான். நோயாளி வந்தால் அவரைக் கட்டிலுக்குத் தூக்கிச் சென்று, வீட்டுக்கு எஜமானர் வந்ததுபோல் எண்ணி, சகோதரர்கள் சாப்பிடுவதற்கு முன்பே அவருக்கு உணவு தரவேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

1182-இல் எழுதிய விதிகள் இன்னும் நுணுக்கமானவை. கட்டில் போதிய நீள அகலத்தோடு இருக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி விரிப்பு, தனிப் போர்வை. கழிப்பறைக்கு எழுந்து போகும்போது குளிராமல் இருக்க ஆட்டுத்தோல் மேலங்கி, காலுக்குச் செருப்பு, தலைக்குக் கம்பளிக் குல்லா. யாத்திரை வந்த இடத்தில் பிரசவித்த பெண்களின் குழந்தைகளுக்குத் தனித் தொட்டில். சம்பளத்துக்கு நான்கு மருத்துவர்கள். இதை எழுதியவர் ராத்திரி ட்யூட்டி பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் பாத்ரூமுக்கு எழுந்து போகும்போதுதான் என்பது வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் எப்படி வாள் வந்தது? யாத்ரீகர்களுக்கு வழித்துணையாகப் போனது, அதற்கு ஆள் வைத்தது, பிரபுக்கள் கோட்டைகளை எழுதிவைத்தது என்று 12-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அது ஒரு படையாகிவிட்டது. 1187-இல் முஸ்லிம் சுல்தான் சலாஹுத்தீன் ஜெருசலேமை மீட்டார். 1291-இல் பாலஸ்தீனக் கடலோரத்து ஏக்கர் (Acre) நகரமும் கைவிட்டுப் போனது. சைப்ரஸுக்குப் போனார்கள், பிறகு ரோட்ஸ் தீவைப் பிடித்து இரண்டு நூற்றாண்டு அங்கே இருந்தார்கள். 1522-இல் ஒட்டோமன் துருக்கிச் சுல்தான் சுலைமான் முற்றுகையிட்டு அங்கிருந்தும் வெளியேற்றினார். அதன் பின் சில வருடங்கள் தங்க இடம் கேட்டு ஐரோப்பாவில் ஊர் ஊராக அலைந்தார்கள். 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாவைக் கொடுத்தார். வருட வாடகை ஒரே ஒரு வல்லூறு.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதற்கு முன்பு நடந்தது. கொடுக்கப்போகும் தீவு எப்படி என்று பார்த்துவர 1524-இல் சபை ஒரு குழுவை அனுப்பியது. அவர்கள் எழுதிய அறிக்கை முழுக்கப் புலம்பல். மால்டா வெறும் மிருதுவான மணற்பாறை, மேலே கொஞ்சம் கல்லுமண், ஓடும் தண்ணீரே இல்லை, மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிறார்கள், விறகு எடைபோட்டு விற்கும் அளவுக்கு அரிது, மாட்டுச்சாண வறட்டியும் முட்செடியும் வைத்துச் சமைக்கிறார்கள், இருப்பது 12,000 பேர், அதில் பெரும்பாலோர் ஏழைகள்.

ஏஜென்ட் காட்டிய 'ஐரோப்பா' போட்டோவை நம்பி வந்து இறங்கிய எங்கள் ஆட்கள் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். நதி இல்லை, மலை இல்லை, காடு இல்லை. குழாய்த் தண்ணீரில் கடல்நீரைச் சுத்திகரித்தது பெரும்பங்கு, உப்புக் கரிக்கும், குடிக்கத் தனியாக வாங்கவேண்டும். கோட்டைகளைக் கட்டிய அதே சுண்ணாம்புக்கல்லில்தான் வீடுகளும். பார்க்கத் தேன் நிறத்தில் அழகு. குளிர்காலத்தில் சுவரெல்லாம் ஓதம் ஏறும், பீரோவில் வைத்த சட்டை பூஞ்சை பிடிக்கும். கோடையில் மாதக்கணக்கில் மழை எட்டிப் பார்க்காது. மால்டா, பக்கத்துத் தீவு கோஸோ எல்லாம் சேர்த்து 316 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் ஐந்து லட்சத்துக்கு மேல் ஜனம், அத்தனை பேருக்கும் கார்.

வந்த நைட்டுகளும் எங்களைப் போலத்தான் குடித்தனம் நடத்தினார்கள். ஒரே சபை என்றாலும் மொழிவாரியாகப் பிரிந்து தனித்தனி விடுதிகளில் இருந்தார்கள். புரோவான்ஸ், ஓவெர்ஞ், பிரான்ஸ், இத்தாலி, அரகான், இங்கிலாந்து, ஜெர்மனி, காஸ்தீல் என்று எட்டுப் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதவி ஒதுக்கீடு உண்டு. கப்பற்படை இத்தாலிக்கு, மருத்துவமனை பிரான்ஸுக்கு, கஜானா புரோவான்ஸுக்கு. பவுலாவில் எங்கள் தெருவும் அப்படியே. மாடியில் மலையாளிகள், கீழே பிலிப்பைன்ஸ் பெண்கள், எதிர்வீட்டில் நேபாளிகள், எங்கள் வீட்டில் திருச்சி, நாகர்கோவில், ராமநாதபுரம். சமையல் ஒருவர், வாடகைக் கணக்கு ஒருவர், ஊருக்குப் பணம் அனுப்ப ரேட் பார்த்துச் சொல்ல ஒருவர். காஸ்தீல் விடுதியில் இப்போது பிரதமர் அலுவலகம் நடக்கிறது, இத்தாலி விடுதி கலை அருங்காட்சியகம். எங்கள் வீட்டுக்கு அந்த யோகம் வராது, முதலில் பாத்ரூம் குழாயை மாற்றவேண்டும்.

பயணிகளுக்குச் சொல்லும் கதை 1565 முற்றுகை. மே மாதம் ஒட்டோமன் கப்பல்கள் வந்தன. செயின்ட் எல்மோ கோட்டை ஜூன் 23-இல் விழுந்தது. துறைமுகத்தை ஒட்டிய ஊர்களான பிர்குவும் செங்லேயாவும் செப்டம்பர் வரை தாங்கின. பிறகு சிசிலியிலிருந்து உதவிப்படை வந்தது. அந்த வெற்றிக்குப் பின் தலைவர் ஷான் த வலெத் 1566-இல் அடிக்கல் நாட்டிய ஊர்தான் வல்லெட்டா. இதைச் சுற்றி ஒலி-ஒளிக் காட்சிகள், பொம்மை வாள்கள் எல்லாம் உண்டு. நைட்டுகள் சில நூறு பேர்தான், சுவர் மேல் நின்ற உள்ளூர் ஆண்கள் ஆயிரக்கணக்கில் என்பது மட்டும் காட்சியில் சீக்கிரம் கடந்துவிடும்.

நான் அதைக் கேட்டது முதியோர் இல்லத்தில், என் பொறுப்பில் இருக்கும் ஒரு தாத்தாவிடம். இங்கே தாத்தாவை நன்னு என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். பிர்குக்காரர், கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். "நைட்டுகளா? அவங்க எங்க ஆளுங்க இல்ல மகனே. கல்லு தூக்கினது எங்க ஆளுங்க, பேரு அவங்களோடது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மால்டாவில் பிறந்த பிரபு குடும்பத்துப் பிள்ளைகளைக்கூடப் பொதுவாக நைட்டாகச் சேர்க்கவில்லை. பாதிரியாராகச் சேரலாம், அவ்வளவுதான். 268 வருடம் ஆண்டும் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போனார்கள். 1775-இல் உள்ளூர்ப் பாதிரியார்களே கிளர்ச்சி செய்து எல்மோ கோட்டையைப் பிடித்தார்கள். 1798 ஜூனில் நெப்போலியன் வந்தபோது சபை சில நாட்களில் சரணடைந்தது. மூன்று மாதத்தில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து எழுந்தது மால்டா ஜனங்கள்தான்.

வாக்குறுதியில் இருந்த ஏழ்மை எங்கே போனது என்று தெரிந்துகொள்ள வல்லெட்டாவின் புனித யோவான் பேராலயத்துக்குள் போனால் போதும். வெளியே மொட்டைச் சுவர், உள்ளே கூரை வரைக்கும் பொன். தரை முழுக்க நைட்டுகளின் சலவைக்கல் சமாதிகள், குடும்பச் சின்னங்களோடு. ரோமில் கொலை செய்துவிட்டு ஓடிவந்த ஓவியர் கரவாஜியோவை 1608-இல் சபையில் சேர்த்தார்கள். யோவானின் தலை வெட்டப்படும் அவருடைய ஓவியம் அங்கேதான் இருக்கிறது. அதே வருடம் சண்டையில் மாட்டி, சிறையிலிருந்து தப்பி, சபையிலிருந்தும் நீக்கப்பட்டார்.

என்னை அதிகம் இழுத்த இடம் கடலோரத்தில் இருக்கும் பழைய மருத்துவமனை. 1574-இல் தொடங்கிய கட்டடம், இப்போது மாநாட்டு மண்டபம். பெரிய வார்டு 155 மீட்டர் நீளம். ஒரு தலைக்கும் மறு தலைக்கும் இரவில் நர்ஸ் நடப்பதை நினைத்தாலே கால் வலிக்கிறது. நோயாளிகளுக்கு வெள்ளித் தட்டில் சாப்பாடு. மொழிப் பிரிவுகள் முறைவைத்து நாள் ஒதுக்கி, பிரபு வீட்டுப் பிள்ளைகளான நைட்டுகளே பரிமாறினார்கள். 1676-இல் தலைவர் நிக்கோலாஸ் கோத்தொனர் இங்கே உடற்கூறு, அறுவை சிகிச்சைப் பள்ளி ஏற்படுத்தினார். அந்த வெள்ளியைப் பின்னால் நெப்போலியன் உருக்கிக்கொண்டார்.

சரி, பரிமாறிய பிறகு? மலம் அள்ளியது, துணி துவைத்தது, ராத்திரி முழித்தது யார்? கூலி ஆட்களும் அடிமைகளும். சபையின் கப்பல்களில் துடுப்புப் போட்டவர்களில் பலரும் கடலில் பிடித்துவந்த முஸ்லிம் அடிமைகள்தான். வல்லெட்டாவில் அடிமைச் சந்தையே நடந்தது. 1786-இல் வந்துபோன ஆங்கிலேயச் சீர்திருத்தவாதி ஜான் ஹோவர்ட், பணியாட்கள் அழுக்காகவும் இரக்கமில்லாமலும் இருந்தார்கள் என்றும், சபைத் தலைவரின் லாயத்துக் குதிரைகளுக்கு நோயாளிகளைவிட நல்ல கவனிப்பு என்றும் எழுதினார். என் கணக்கில் 1182-இன் விதிகளை எழுதியவர்களும் இவர்களும் ஒரே சபை என்று சொல்வதே கஷ்டம். நோயாளியின் செருப்பு வரை யோசித்தவர்கள், அதை எடுத்து வைக்கும் ஆளைப் பற்றி யோசிக்காமல் விட்டதில்தான் சரிவு தொடங்கியது என்று நினைக்கிறேன். இன்றைக்கும் முதியோர் இல்லங்களின் விளம்பரத்தில் வெள்ளித் தட்டுக்கு நிகரான விஷயங்கள் வரும். ஒரு ஷிப்டுக்கு எத்தனை கேரர் என்பது வராது.

செப்டம்பர் 8 முற்றுகை முடிந்த நினைவு, மாதா பிறந்தநாளும் கூட. அரசு விடுமுறை. துறைமுகத்தில் படகுப் போட்டி நடக்கும். நன்னுவுக்கு வலெத் மேல் அக்கறை இல்லை, பிர்கு படகு ஜெயிக்கவேண்டும், அதுதான் கவலை. அன்றைக்கு ட்யூட்டி மாற்றிக்கொள்ள யாரும் முன்வர மாட்டார்கள் என்பதால் வழக்கமாக அது என் தலையில் விழும். டிவியை அவர் கட்டில் பக்கம் திருப்பி வைப்பேன்.

சபை இன்னும் இருக்கிறது. தலைமையகம் ரோமில். பல நாடுகளில் மருத்துவமனையும் ஆம்புலன்ஸும் நடத்துகிறார்கள். 1998-இல் மால்டா அரசோடு ஒப்பந்தம் போட்டு, பிர்குவின் செயின்ட் ஏஞ்சலோ கோட்டை மேற்பகுதியை 99 வருடத்துக்கு வாங்கியிருக்கிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளோடு தூதரக உறவு, ஐ.நா.வில் பார்வையாளர் இடம், சொந்தமாகப் பாஸ்போர்ட். நாடு மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது, ஒர்க் பெர்மிட் புதுப்பிக்கப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் ராமநாதபுரத்துத் தம்பி, "அண்ணே, அவங்ககிட்ட கேரர் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களான்னு கேளுங்க" என்றான்.