பி360 போர்டில் வெஞ்சுரா: பெட்டியில் இருந்த பெயரும் உள்ளே இருந்த ஐடியும்

என் சாதாரண பிசியில் ஆப்பிளின் மேக்ஓஎஸ் வெஞ்சுராவைப் போட்டிருக்கிறேன். நேற்று ராத்திரி 11.30-க்கு ஸ்லீப்பில் போட்ட அந்த மெஷின், காலையில் 6.30-க்கு நான் கீபோர்டைத் தட்டும்வரை ஒருமுறைகூடத் தானாக எழவில்லை. மூன்று வாரமாக இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன், அதனால் மறப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

மெஷின் இதுதான்: ஐ5-8400, பி360 மதர்போர்டு, 16 ஜிபி ராம், 500 ஜிபி என்விஎம்இ, ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட்ஹேண்டாக வாங்கிய ஆர்எக்ஸ் 580 கார்டு. தம்பி லாஜிக் ப்ரோவில் பாட்டு ரெக்கார்ட் செய்யக் கற்றுக்கொள்கிறான், மேக் வாங்க இப்போது வழியில்லை. ஆப்பிளின் உரிம ஒப்பந்தம் ஆப்பிள் கணினியில் மட்டும்தான் மேக்ஓஎஸ் போட அனுமதிக்கிறது என்பது தெரிந்தேதான் இறங்கினேன். மேக்ஓஎஸ்ஸைப் பிசியில் தொடங்கிவைக்கும் பூட்லோடர் ஓப்பன்கோர்; எஸ்எம்பயாஸ், அதாவது மெஷின் தன்னை எந்த மேக் என்று சொல்லிக்கொள்கிறது என்பது, ஐமேக்19,1.

தொடக்கத்திலேயே ஒரு தப்பு செய்தேன். இதே கம்பெனியின் பி365 போர்டுக்கு ஒருவர் செய்து வைத்திருந்த இஎஃப்ஐ ஃபோல்டரை (ஓப்பன்கோரும் அதன் செட்டிங்குகளும் இருப்பது) அப்படியே எடுத்துப் பென்டிரைவில் போட்டுவிட்டேன். 360-க்கும் 365-க்கும் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். பெயரைப் பார்த்தால் 365 அடுத்து வந்த சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்), வந்ததும் அப்புறம்தான், ஆனால் உள்ளே அது 22 நானோமீட்டரில் செய்த பழைய 200 வரிசை சிப். பி360-தான் உண்மையான 300 வரிசை. இது எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் பூட். கறுப்புத் திரையில் எக்ஸிட்பிஎஸ் ஸ்டார்ட் என்று ஒரு வரி, அதோடு நின்றுவிட்டது. ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டு விளக்கு எரிகிறது, வேறு எந்த அசைவும் இல்லை. பயாஸில் சிஎஸ்எம்-ஐ அணைத்தேன், அபவ் 4ஜி டீகோடிங்கைப் போட்டேன், சீரியல் போர்ட்டை அணைத்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரீஸ்டார்ட், அதே வரி. நான்காவது நாள்தான் ஓப்பன்கோரின் டீபக் பதிப்பைப் போடத் தோன்றியது. அது பென்டிரைவிலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எழுதி வைக்கும். அதை லேப்டாப்பில் திறந்து தேடினால் 'மேட் சப்போர்ட் 1' என்று ஒரு வரி. அதாவது என் பயாஸில் மெமரி அட்ரிபியூட்ஸ் டேபிள் (மெமரியின் எந்தப் பகுதியை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற பட்டியல்) இருக்கிறது, நான் வாங்கியதுமே பயாஸை அப்டேட் செய்திருந்தேன். இரவல் ஃபோல்டரிலோ பழைய பயாஸுக்கான செட்டிங். ரீபில்ட் ஆப்பிள் மெமரி மேப், சிங்க் ரன்டைம் பெர்மிஷன்ஸ் இரண்டையும் ஆன் செய்து, எனேபிள் ரைட் அன்புரொடெக்டரை ஆஃப் செய்தேன். அடுத்த பூட்டில் வரிகள் மளமளவென்று ஓடின. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், இல்லையென்றால் கத்தியிருப்பேன்.

இன்ஸ்டால் ஆனது. ஆனால் திரையின் கீழே ஐகான்கள் இருக்கும் டாக் வெறும் சாம்பல் பட்டையாக இருந்தது, விண்டோவை இழுத்தால் திணறித் திணறி வந்தது. அபௌட் திஸ் மேக்கில் கிராபிக்ஸ் மெமரி 7 எம்பி. 8 ஜிபி கார்டு! கெக்ஸ்ட், அதாவது டிரைவர் மாதிரியான ஃபைல், சரியாக ஏறவில்லையோ என்று வாட்எவர்கிரீன், லைலூ என்ற இரண்டு கெக்ஸ்ட்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன், அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அப்புறம் விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தேன். 6எஃப்டிஎஃப். உண்மையான ஆர்எக்ஸ் 580-இன் ஐடி 67டிஎஃப். என்னிடம் இருந்தது 2048எஸ்பி, அதாவது 2304 ஸ்ட்ரீம் பிராசஸருக்குப் பதில் 2048, கிட்டத்தட்ட ஆர்எக்ஸ் 570. கார்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்டிக்கரில் 2048எஸ்பி என்று எறும்பு சைஸ் எழுத்தில் இருந்தது. கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதற்கு இரண்டு வழி. 570-இன் விபயாஸை (கார்டுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர்) ஃப்ளாஷ் செய்வது, இல்லையென்றால் ஓப்பன்கோரின் செட்டிங் ஃபைலான கான்ஃபிக் பிளிஸ்ட்டில் டிவைஸ் ஐடியை மாற்றிச் சொல்வது. கார்டில் கை வைக்க மனசு வரவில்லை, இரண்டாவதைத்தான் செய்தேன். பைட்டுகளைத் திருப்பிப் போட வேண்டும், 67டிஎஃப் என்றால் டிஎஃப்67 என்று எழுதிப் பின்னால் நான்கு சைபர். ரீஸ்டார்ட் செய்தேன், டாக் கண்ணாடி மாதிரி வந்தது.

அடுத்தது என்விராம், அதாவது மெஷினை அணைத்தாலும் செட்டிங்குகளை நினைவில் வைக்கும் மெமரி. ஸ்டார்ட்டப் டிஸ்க் தேர்வு தங்கவே இல்லை. டெர்மினலில் ஒரு வேரியபிள் எழுதி, ரீஸ்டார்ட் செய்து தேடினால் காணோம். காரணம் அந்த 360-365 கதையேதான்: 300 வரிசை போர்டில் என்விராம் வேலை செய்ய எஸ்எஸ்டிடி-பிஎம்சி என்ற ஃபைல் வேண்டும், 365-க்கு வேண்டாம், ஃபோல்டர் அங்கிருந்து வந்ததால் அதில் அந்த ஃபைலே இல்லை. சேர்த்தேன், தங்கியது. அன்றைக்கே அந்த ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிட்டு என் போர்டுக்கு முதலிலிருந்து ஒன்று செய்தேன். அழிக்கும்போது வருத்தமே இல்லை.

கடைசியாக ஸ்லீப். போட்டால் நான்கு நொடியில் எழுந்துவிடும். பவர் லாகில் காரணம் எக்ஸ்ஹெச்சி என்று இருந்தது, அதாவது யூஎஸ்பி. மேக்ஓஎஸ் ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட்தான் ஏற்கும், அந்த வரம்பைத் தூக்கும் செட்டிங் 11.3-இலிருந்து வேலை செய்வதில்லை. அதனால் எந்த போர்ட் எது என்று கணக்கெடுக்க ஒரு நோட்டில் கோடு போட்டு, 2.0 பென்டிரைவ் ஒன்று, 3.0 பென்டிரைவ் ஒன்று, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டையும் செருகி எழுதினேன். நீல போர்ட் ஒவ்வொன்றும் 2.0-க்கு ஒன்று, 3.0-க்கு ஒன்று என்று இரண்டாகக் கணக்காகும். பின்னால் நீலம் 4, கறுப்பு 2, முன்னால் நீலம் 2, உள்ளே புளூடூத் 1. கூட்டினால் சரியாக 15. புளூடூத் போர்ட்டின் வகையை 255, அதாவது உள் இணைப்பு என்று குறித்ததும் மெஷின் தூங்கியது.

முன்பக்க ஹெட்ஃபோனில் மட்டும் இன்னும் சத்தம் வரவில்லை. சவுண்ட் சிப் ஏஎல்சி887, லேஅவுட் (எந்த ஜாக் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் எண்) 1-இலும் 2-இலும் பின்பக்கம் மட்டும் பேசுகிறது. இன்றைக்கு ராத்திரி 3-ஐப் போட்டுப் பார்க்க வேண்டும். தம்பி அதுவரை பின்பக்கம் ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ரெக்கார்ட் செய்துகொண்டிருக்கிறான்.