முட்டிடிச்சான் பாறைத் தண்ணீர்

அம்மா நேர்ந்துகொண்டது எனக்குத் தெரியாது. என் மகள் ஐந்தாம் மாதத்தில் சென்னை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். டாக்டரம்மா ஒன்றும் சொல்லாமல் ஸ்கேன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த அன்று ராத்திரி, வடக்கன்குளத்தில் இருந்தபடியே அம்மா, கிறிஸ்தவரானதற்காகத் திருவிதாங்கூர் ராஜா காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட புனித தேவசகாயத்திடம் பேசி முடித்துவிட்டிருக்கிறாள்: "பிள்ளைய முழுசாக் குடுத்துருங்கய்யா. நீங்க பொறந்த எடத்துல இருந்து அடங்குன எடம் வரைக்கும் தூக்கிட்டு வாரேன்." பேரன் எட்டு வைத்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கணக்கே வெளியில் வந்தது.

ஜனவரி 14 வேண்டாம், திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு மூச்சு முட்டும் என்றேன். "அன்னைக்குத்தான அவரைச் சுட்டாங்க. வேற என்னைக்குப் போவ?" என்றாள். பொங்கல் லீவில் வேன் கிடைத்ததே ஒரு புதுமை, அற்புதம்தான்.

வேன்காரத் தம்பி ஒரு யோசனை சொன்னார். வடக்கன்குளத்தில் ஏறினால் முதலில் வருவது ஆரல்வாய்மொழி. அங்கே அவரைச் சுட்ட காற்றாடிமலையை முடித்துக்கொண்டு, அடக்கம் செய்த கோட்டாறு, பெருவிளை, புலியூர்க்குறிச்சி, கடைசியாக அவர் பிறந்த நட்டாலம் என்று போனால் டீசலும் மிச்சம், நேரமும் மிச்சம். அம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டாள். "சுட்டுப் போட்டு அடக்கமும் பண்ணிட்டு, அதுக்குப் பெறகா தம்பி பொறக்க வைக்க?" அவர் வாயைத் திறக்கவில்லை. ஆரல்வாய்மொழியில் நிற்காமல் தாண்டி, நேராக நட்டாலத்துக்கு விட்டார்.

கிளம்பும்முன் எங்கள் ஊர்க் கோயிலில் முழங்கால் போட்டோம். 1745 மே 14 அன்று நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனது வடக்கன்குளத்தில்தான். இதே ஊரில்தான் பிறகு, கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த கால்சட்டைக் கோயிலும் எழும்பியது. உள்ளே சாதி பார்த்து ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இந்தப் பக்கம் ஒரு கூட்டம். 1910-ல் சுவரை இடித்தார்கள். அம்மாவைப் பெற்ற ஆச்சி சின்னப்பிள்ளையாக அதைப் பார்த்தவள். சுவரைப் பற்றி நிறையச் சொல்வாள், நாங்கள் எந்தப் பக்கம் நின்றோம் என்று மட்டும் சொன்னதில்லை. எல்லாச் சாதிக்காரரோடும் கலந்து பழகினார் என்பதும் தேவசகாயத்தின்மேல் சொல்லப்பட்ட குற்றம். 2022-ல் புனிதராக அறிவிக்கும் முன்பு ரோமாபுரியே பேரிலிருந்து சாதிப் பட்டமான 'பிள்ளை'யை எடுத்துவிட்டது. "கொஞ்சம் லேட்டுதான்" என்றாள் அம்மா.

நட்டாலத்தில் விடிந்தது. சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடி வருகிறவர்கள் வந்து முடிக்கிற ஊரும் இதுதான். அவர் 1712-ல் பிறந்த மண்ணில் அம்மா பேரனை இறக்கி விட்டாள். அவன் அங்கே கிடந்த ஒரு சருகைப் பொறுக்கித் தின்னப் பார்த்தான். மெழுகுதிரி கொளுத்தி, ஜெபமாலையில் ஒரு மணி சொல்லிக் கிளம்பினோம்.

தக்கலை தாண்டிப் புலியூர்க்குறிச்சி. பக்கத்தில் உதயகிரிக் கோட்டை. குளச்சல் போரில் 1741-ல் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டிலனாய் கல்லறை அதற்குள் இருக்கிறது. மாடு கன்று செத்து மனசு ஒடிந்து கிடந்த நீலகண்டனுக்கு, எல்லாம் இழந்தும் நம்பிக்கை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னவர் அவர்தான். உள்ளே போகலாமா என்று கேட்டேன். அம்மாவுக்கு அவசரம் பாறையில்.

எருமைமேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்துக் கொண்டுவந்த தேவசகாயத்துக்கு இங்கே தாகம். முழங்கையால் பாறையில் இடித்தார், தண்ணீர் வந்தது. முட்டிடிச்சான் பாறை. குழி சின்னது. அதைச் சுற்றி அன்றைக்கு ஊரே நின்றது. கேன் கொண்டுவந்தவர்கள், செல்போனைக் குழிக்குமேல் நீட்டுகிறவர்கள். முன்னால் நின்ற ஒருவர் ஐந்து பாட்டில் நிரப்பினார். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அம்மா கையைப் பிடித்து அமுக்கினாள்.

எங்கள் முறை வந்தபோது அவள் கொஞ்சம்தான் மொண்டாள். முதலில் பேரன் நெற்றியில். பிறகு மகளைக் கூப்பிட்டு, கூட்டம் பார்க்கப் பார்க்க, அவள் அடிவயிற்றில் ஈரக்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவேயில்லை. பின்னால் "நவுருங்கம்மா" என்றார்கள், அவளுக்குக் காதில் விழவில்லை. இந்தப் பேரன் துடிப்பில்லாமல் கிடந்த அந்த ஒரு ராத்திரி முழுக்க அவள் எப்படி உட்கார்ந்திருந்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய புனிதர் பட்டத்துக்கு ரோமாபுரி ஏற்ற புதுமையும் வயிற்றுக்குள் இருந்த ஒரு பிள்ளைதான். அதை எனக்கு முன்பே அவள் தெரிந்துவைத்திருந்தாள். மகள் அழுதாள், நானும். கையில் மிச்சமிருந்த ஈரத்தைத் தன் கால்முட்டில் தேய்த்துக்கொண்டு, "அவரு கைமுட்டால இடிச்சாரு, கால்முட்டுக்கும் கேக்காமலா போவும்" என்றாள்.

அவரை வேப்பமரத்தில் கட்டி வைத்த பெருவிளையில் வெயில் மண்டையைப் பிளந்தது. திரி, ஜெபம், மோர். அவ்வளவுதான்.

காற்றாடிமலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே வேனை மறித்துவிட்டார்கள். எங்கோ காலி மனையில் நிறுத்தச் சொல்லி நூறு ரூபாய் கேட்டான் ஒரு பையன், ரசீது கிடையாது. பத்து ரூபாய்த் திரி இருபது ரூபாய். மலையில் திரியை ஏற்ற ஏற்றக் காற்று ஊதி அணைத்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று, பேரே காற்றாடிமலை, யாரைக் குறை சொல்ல? முழங்கால் போட்டு அவர் ஜெபித்த பாறையில் அம்மா தன் முழங்காலையும் வைத்தாள். வலிக்கும் முட்டு. ஏறும்போதே பிடித்துக்கொள்கிறேன் என்று கை நீட்டியதற்கு, "என் முட்டு வலிக்குன்னு ஒங்கிட்ட சொன்னனா?" என்று கேட்டவள். தட்டினால் மணி போலக் கேட்கும் மணியடிச்சான் பாறையில் ஆளாளுக்குக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார்கள். பேரன் தட்டியதில் சத்தமே வரவில்லை. அவனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை, தட்டிக்கொண்டே இருந்தான்.

சுட்டுப் போட்ட உடலைக் காட்டில் விட்டுவிட்டார்கள். மிஞ்சியதைக் கிறிஸ்தவர்கள் எடுத்துவந்து அடக்கம் செய்தது கோட்டாறு சவேரியார் கோயிலில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கல்லறையைச் சுற்றி நெரிசல். அம்மா பையிலிருந்து மிளகு, உப்புப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். வழியெல்லாம் தூங்கிய பேரனை மகள் கையிலிருந்து வாங்கி, கல்லறைமேல் குனிந்து, அவன் காலை அந்தக் கல்லில் பட வைத்தாள். எவ்வளவோ ஜெபம் தெரிந்தவள், ஒன்றும் சொல்லவில்லை.

"ஐயா, கொண்டாந்துட்டேன்."

கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை, "அடுத்தவங்களுக்கு வழி விடுங்க பாட்டி" என்றார். அம்மா வழி விட்டாள்.