புது சீலும் ஒழுகுகிறதா? முன் ஃபோர்க்கைப் பிரித்துச் சரிசெய்த முறை

பைக்கின் முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்களில்) ஆயில் ஒழுகினால் சீலை (ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) மட்டும் மாற்றி வண்டியை அனுப்பிவிடுவது வழக்கம். சில மாதத்தில் அதே இடம் மறுபடி நனையும், பழி சீல்மேல் விழும். பெரும்பாலும் சீல் ஒரு குற்றமும் செய்திருக்காது. குழாயில் துருப்புள்ளி, தேய்ந்த புஷ் (உள்குழாய் வழுக்கி ஓடும் வளையம்), கோணலாக இறுகிய ஆக்ஸில் (சக்கர அச்சு) என்று வேறு ஏதோ அதைத் தின்றிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் சீல் வாங்குவது வீண்செலவு.

பிரிப்பதற்கு முன் பரிசோதனை. டபுள் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தரையில் படாதபடி தூக்கி நிறுத்துங்கள். இரண்டு ஃபோர்க்கின் அடிப்பகுதியையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். 'டக்' என்ற ஆட்டம் ஹேண்டில் பாரின் கழுத்தில் தெரிந்தால் அது கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்). டஸ்ட் சீலும் (ஆயில் சீலுக்கு மேலுள்ள தூசித் தடுப்பு) குழாயும் சேரும் இடத்தில் விரல் வைக்கும்போது அங்கே ஆட்டம் தெரிந்தால் ஃபோர்க் புஷ். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது தெரிந்தால் வீல் பேரிங். பிரேக் பிடிக்கும்போது கேட்கும் 'டக்' சத்தத்துக்கு இந்த மூன்றில் எதுவும் காரணமாகலாம். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நேர் நிலையில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால், கோன் செட் தேய்ந்துவிட்டது.

பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி உடல் எடையோடு அழுத்திவிட்டு விடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் சரி. எழுந்து, இறங்கி, மறுபடி எழுந்தால் டேம்பிங் (துள்ளலை அடக்கும் திறன்) போய்விட்டது: ஆயில் குறைந்திருக்கிறது, அல்லது கெட்டிருக்கிறது.

குழாயில் மெல்லிய ஆயில் படலம் இருந்தால் கவலை வேண்டாம். துடைத்த பிறகும் வளையம்போல் சேர்ந்து வழிந்தால்தான் கசிவு. அப்போதும் உடனே பிரிக்க வேண்டாம். டஸ்ட் சீலைக் குழாயில் மேலே தூக்கி, பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து வெட்டிய கீற்றை சீலின் உதட்டுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். மண்துகள்தான் காரணம் என்றால் கசிவு அத்தோடு நின்றுவிடும். கீற்றின் முனையில் பிசிறு இருந்தால் சீலை நீங்களே கிழித்துவிடுவீர்கள், கவனம். வழிந்த ஆயில் பிரேக் பேடில் இறங்கியிருந்தால் பேடைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பிரிக்கும்போது வரிசை முக்கியம். ஃபோர்க் குழாயைக் கவ்வும் மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, கீழ் கிளாம்ப் குழாயைப் பிடித்திருக்கும்போதே மேல் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். கழற்றிய பின் முயன்றால் குழாயைப் பிடிக்க இடமிருக்காது. அடியில் உள்ள ஆலன் போல்ட்டையும் ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே அசைத்துவிட வேண்டும். ஸ்பிரிங் அழுத்தம்தான் உள்ளிருக்கும் டேம்பர் ராடை (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தண்டை) சுழலாமல் பிடித்திருக்கிறது. இதை மறந்தால் போல்ட்டும் ராடும் சேர்ந்தே சுற்றும், அரைநாள் போய்விடும். காலிப்பரை (பிரேக் பேடுகள் இருக்கும் பகுதியை) ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி, பேடுகளுக்கு நடுவே மரத்துண்டு செருகுங்கள். மூடியின் கடைசி மரையில் ஸ்பிரிங் தள்ளும். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திறக்க வேண்டும், முகத்தை நேர் மேலே வைக்கக் கூடாது.

ஃபோர்க்கைக் கவிழ்த்து, பத்துப் பதினைந்து முறை பம்ப் செய்து வடியுங்கள். ஃபோர்க்கின் இரு காலிலும் (இடது, வலது குழாய்களிலும்) வந்ததைத் தனித்தனியாக அளந்தால், எந்தக் கால் எவ்வளவு இழந்தது என்று புரியும். ஆயிலையும் பாருங்கள். பால் நிறம் என்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் உலோகம் தேய்கிறது. அப்போது புஷ்களையும் மாற்றுங்கள்.

பழைய சீலை நெம்பும்போது வெளிக்குழாயின் விளிம்பில் துணி வையுங்கள். அங்கே விழும் கீறல் வழியாகவே புது சீல் ஒழுகும். உள்குழாயைக் கண்ணாடித் தகடுமேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சக்கீற்று தோன்றித் தோன்றி மறைந்தால் குழாய் வளைந்திருக்கிறது. பல மேனுவல்கள் வளைவுக்கு 0.2 மி.மீ. வரைதான் இடம் தருகின்றன. அடுத்து நகத்தால் குழாய் முழுக்க வருடுங்கள். நகம் தட்டும் ஒவ்வொரு புள்ளியும் சீலுக்கு அரம்தான். சிறு முனைப்பை 1200 நம்பர் வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஆழமான குழியை எபாக்ஸியால் நிரப்பித் தேய்ப்பது தற்காலிகம்தான். சீல் ஓடும் பகுதியில் குழிகள் கூட்டமாக இருந்தால், ஹார்டு குரோம் பூசி கிரைண்டிங் செய்யுங்கள் அல்லது புதுக் குழாய் வாங்குங்கள்.

பூட்டும்போது ஆலன் போல்ட்டுக்குப் புது காப்பர் வாஷர், மரையில் கொஞ்சம் திரெட்லாக் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை). குழாயின் மேல் விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, ஃபோர்க் ஆயில் தடவி சீலை இறக்கினால் உதடு வெட்டுப்படாது. எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கட்டும். சரியான விட்டமுள்ள பிவிசி பைப்பால் நேராகத் தட்டுங்கள். கிளிப் உட்காரும் பள்ளம் முழு வட்டமும் தெரியும்வரை சீல் இறங்கவில்லை என்றே அர்த்தம்.

ஆயில் விஷயத்தில் டப்பாவில் உள்ள 10டபிள்யூ (10W) என்ற தடிமன் குறியை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் 10டபிள்யூவும் இன்னொன்றின் 10டபிள்யூவும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (தடிமனை அளக்கும் அலகு) என்ற எண்ணை ஒப்பிடுங்கள். மில்லி கணக்கும் தொடக்கத்துக்குத்தான். முடிவு செய்வது ஆயில் மட்டம். ஊற்றி, பம்ப் செய்து, பத்து நிமிடம் காற்றுக் குமிழ் அடங்க விடுங்கள். பிறகு ஸ்பிரிங் இல்லாமல் ஃபோர்க்கை முழுதாக அமுக்கி, குழாய் விளிம்பிலிருந்து ஆயில் வரை அளக்க வேண்டும். அந்த இடைவெளியில் உள்ள காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஆயில் கூடினால் காற்று இறுகி, சீலை வெளியே தள்ளும். குறைந்தால் பள்ளத்தில் ஃபோர்க் அடிதட்டும். இரண்டு காலும் ஒரே அளவு. சிரிஞ்சில் டியூப் மாட்டி உறிஞ்சினால் மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்யலாம்.

கடைசிப் படியைத்தான் பலரும் விடுகிறார்கள். ஆக்ஸிலை இறுக்கியதும் பிஞ்ச் போல்ட்டை (ஃபோர்க்கின் அடியில் ஆக்ஸிலைக் கவ்வும் போல்ட்டை) தொடாதீர்கள். வண்டியை இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்து ஐந்தாறு முறை ஃபோர்க்கை அமுக்குங்கள். கால்கள் தாமாக இணையாக நின்ற பிறகுதான் பிஞ்ச் போல்ட். இதைச் செய்யாமல் இறுக்கினால் ஃபோர்க் ஒட்டி ஒட்டி இறங்கும், சீல் ஒரு பக்கமாகவே தேயும். கிளம்புவதற்கு முன் பிரேக் லீவரைப் பலமுறை அழுத்தி, பேடு டிஸ்க்கைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

பின் ஷாக் அப்சார்பரில் கசிவு என்றால், சீல் வைத்து மூடிய மாடல்களைப் பிரிக்க முயல வேண்டாம், ஜோடியாக மாற்றுங்கள். அதற்கு முன் ஸ்விங் ஆர்மை (பின்சக்கரத்தைத் தாங்கும் கையை) பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அதன் புஷ் போயிருந்தால் புது ஷாக் போட்டாலும் வளைவில் பின்பக்கம் நெளியும்.