அக்கா இந்தியர், தம்பி இலங்கையர்

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021-ல் ‘அகதிகள் முகாம்’ என்பது ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. பணக்கொடையும் உயர்ந்தது: குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. இதெல்லாம் மாநில அரசின் கைக்குள் இருப்பவை. குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது. அது அசையவில்லை.

ஒரு முகாம் வீட்டில் 1986-ல் இங்கே பிறந்த அக்காவும் 1988-ல் இங்கே பிறந்த தம்பியும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அக்கா இந்தியக் குடிமகள், தம்பி வெளிநாட்டவர். அப்பா, அம்மா, ரேஷன் கடை எல்லாம் ஒன்றுதான்.

1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு அப்படி எழுதப்பட்டிருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியர். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னொரு முடிச்சும் விழுந்தது: ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது.

இந்த மூன்றாவது முடிச்சுதான் இன்று முகாமில் கழுத்தை இறுக்குகிறது. 1990-ல் நான்கு வயதில் படகில் மண்டபம் வந்து இறங்கிய பையன், இப்போது மதுரையில் பெயிண்டிங் வேலை பார்க்கிறார். செல்லூர்ப் பெண்ணைக் கட்டுகிறார். குழந்தை பெரியாஸ்பத்திரியில் பிறக்கிறது. அம்மா வாக்காளர், ஆனால் குழந்தை இந்தியர் இல்லை. கணவர், இந்தியரை மணந்து ஏழு ஆண்டு இங்கே வாழ்ந்தவர் என்று 5-வது பிரிவில் விண்ணப்பிக்கலாமே என்றால், அந்தப் பிரிவின் முதல் வரியே சட்டவிரோதக் குடியேறியை வெளியே நிறுத்திவிடுகிறது. விண்ணப்பத்தோடு செல்லுபடியாகும் வெளிநாட்டு பாஸ்போர்ட்டின் நகலும் வைக்க வேண்டும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறியவரிடம் பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவது?

2(1)(ஆ) பிரிவு சொல்லும் சட்டவிரோதக் குடியேறி யார்? செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் இந்தியாவுக்குள் ‘நுழைந்த’ வெளிநாட்டவர். 1988-ல் இங்கேயே பிறந்த தம்பி எங்கிருந்தும் நுழையவில்லை. அம்மா வயிற்றிலிருந்து வந்ததை எந்தச் சோதனைச் சாவடியில் பதிவது? ஆனாலும் அலுவலகங்களில் முகாம் பதிவேட்டில் பெயர் இருந்தாலே அகதி, அகதி என்றால் சட்டவிரோதம் என்ற கணக்குத்தான் நடக்கிறது.

குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியோரை இந்த முத்திரையிலிருந்து விடுவித்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2025 செப்டம்பர் 1-ல் புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டம் அமலுக்கு வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு ஒரு விலக்கு ஆணை கிடைத்தது. ‘இனி குடியுரிமை வந்துவிடும்’ என்று பலர் நினைத்தார்கள். வராது. பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக வழக்குப் போடும் பயம் போனது, அவ்வளவுதான். குடியுரிமைச் சட்டத்தின் விலக்கு இன்னமும் அந்த மூன்று நாடுகளுக்கு மட்டுமே.

எனவே இவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி திறப்பது பெரிய மலையைப் பெயர்க்கும் வேலை இல்லை. அரசே ஏற்றுக்கொண்ட 2015 ஜனவரி 9 என்ற தேதியை அப்படியே எடுத்து, 2(1)(ஆ) பிரிவின் விலக்கில் ஒரு வரி சேர்த்தால் போதும். வசிப்புக் காலத்தைக்கூடக் குறைக்க வேண்டாம். குடியுரிமை கேட்கும் வெளிநாட்டவருக்கான சாதாரண விதி, கடைசி 12 மாதமும் அதற்கு முந்தைய 14 ஆண்டில் 11 ஆண்டும் இங்கே இருந்திருக்க வேண்டும் என்கிறது. ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) எடுக்கும் முகாம் கணக்கெடுப்பே அதற்குச் சாட்சி. இந்த நாட்டில் இவ்வளவு காலம், இவ்வளவு ஒழுங்காக வருகைப் பதிவு வைக்கப்பட்ட மக்கள் வேறு யார்? அதோடு பாஸ்போர்ட் நகலுக்குப் பதில் முகாம் பதிவை ஏற்கும் விதியும், இங்கே பிறந்தவர் ‘நுழைந்தவர்’ ஆகமாட்டார் என்ற தெளிவும் வேண்டும். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, தனி அகதிச் சட்டமும் இல்லை. அதையும் ஒரு நாள் எழுதத்தான் வேண்டும். ஆனால் அதற்காக இந்த ஒரு வரி காத்திருக்கக் கூடாது.

இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் கதை தனி. இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா எழுதிக் கொடுத்தது. அவர்கள் வந்துகொண்டிருக்கும்போதே போர் வந்து ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றது. பிறகு படகில் வந்த மலையகத்தாரும் அதே அகதிப் பதிவேட்டில் ஏறினார்கள். திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில், இவர்களது குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019-ல் தீர்ப்பளித்தது.

சட்டம் மாறும்வரை செய்ய முடிந்த ஒன்று உண்டு. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தேவையில்லை, நேராகப் பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பிக்கலாம். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டிருக்கிறது. அந்த உத்தரவின் நகலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழில்தான் வரும். பிறப்பு பதிவாகவே இல்லையென்றால் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கிப் பதிய வேண்டும். பிறந்தது மண்டபம் என்றால் மதுரையில் அலையாதீர்கள், அது ராமநாதபுரம் மாவட்டம். முகாம் அட்டையில் ‘செல்வராசா’, பள்ளி டி.சி.யில் ‘செல்வராஜ்’ என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள். போலீஸ் விசாரணைக்கு வருபவர் முதலில் பார்ப்பது அந்த எழுத்தைத்தான்.