போப்போத்தீத்தோஸ்: மூன்றாவது வாரம்

மூன்று வாரமாக 'போப்போத்தீத்தோஸ்' என்ற ஒரே ஸ்பானிஷ் பாட்டைத்தான் பாடிப் பழகுகிறேன். எதிர்வீட்டு அக்காவுக்கே இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

மெக்சிகோவின் டீன் டாப்ஸ் குழு, 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாட்டுகளை ஸ்பானிஷில் பாடிப் பதிவுசெய்தது. பாடகர் என்ரிக்கே குஸ்மான். இப்படிப்பட்ட பாட்டுக்கு அங்கே 'ரெஃப்ரீத்தோ' என்று பெயர், அதாவது மறுபடி வறுத்தது. நம் கணக்கில் இட்லி உப்புமா. நான் எடுத்துக்கொண்டது லாரி வில்லியம்ஸ் 1957-இல் பாடிய 'போனி மொரோனி'யின் ரெஃப்ரீத்தோ. ஆங்கில மூலத்தில் காதலி மக்ரோனி மாதிரி ஒல்லி. ஸ்பானிஷில் அவள் 'போப்போத்தீத்தோஸ்'. மெக்சிகோவில் 'போப்போத்தே' என்றால் ஸ்ட்ரா. குச்சிக் கால்காரிக்கு வைத்த செல்லப்பெயர். அர்ஜென்டினாவில் ஸ்ட்ராவை 'பஹீத்தா' என்பார்கள். ஆனாலும் அங்கத்திய செரூ ஹிரான் குழு 1982-இல் வெளியிட்ட நேரடிப் பதிவில் மெக்சிகோப் பெயரையே வைத்துப் பாடியிருக்கிறது.

முதல் வாரம் கிட்டார். ஏ, டி, ஈ, மூன்றே கார்டு. சுலபம்.

இரண்டாவது வாரம் வாயைத் திறந்தேன், மாட்டிக்கொண்டேன். வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவது என் பழக்கம். முதலில் 'போபோடிடோஸ்' என்று எழுதியிருந்தேன். பதிவைப் போட்டுக் கேட்டால் ஆங்கிலப் படம் பார்த்துக் கற்றுக்கொண்ட ஸ்பானிஷ் மாதிரி இருந்தது. அங்கே வருவது ட அல்ல, த. சரி என்று 'போபோதீதோஸ்' ஆக்கினேன். நம் வாயில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் த குழைந்துவிடுமே, ப 'ப'வாக நிற்காதே! கடைசியில் ஒற்று போட்டுத் தலைப்பில் உள்ளபடி எழுதினேன். ஒலி சரியானது, தாளம் போனது. ஒவ்வொரு ஒற்றிலும் நாக்கு ஒரு நொடி உட்கார்ந்துவிடுகிறது.

மூன்றாவது வாரம் நோட்டை மூடிவைத்துவிட்டுக் காதை மட்டும் நம்பினேன். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 100 தட்டில் வைத்து, நான்கு அசையையும் ஒரே அளவாக, மூன்றாவதில் மட்டும் அழுத்தம். போ-போ-தீ-தோஸ். 130 வரை தாக்குப்பிடிக்கிறது. 150 போனால் மறுபடி ட வந்துவிடுகிறது.

ர மட்டும் தொந்தரவே தரவில்லை. ஆங்கிலேயர் திணறும் அந்த ஒற்றைத் தட்டு ர நமக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கிறது.

நேற்றைய பதிவில் இரண்டாவது சரணம் முழுக்கப் பிழையில்லை. நடுவில் குக்கர் விசில் ஒன்று. சுருதியில் இருந்ததால் வெட்டவில்லை.