தடித்த எழுத்தில் வந்த எண்கள்

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வந்து விழும் நாயின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் முதலில் கண்ணில் படுவது தடித்த எழுத்துதான். பக்கத்தில் கூடுதல் என்று ஒரு ‘ஹெச்’ அல்லது குறைவு என்று ஒரு ‘எல்’. அது வளைகுடாவில் இருக்கும் மகனுக்குப் போய், அவர் இணையத்தில் தேடி, கிட்னி போச்சு, லிவர் போச்சு என்று ராத்திரிக்குள் வீடே கலங்கிவிடும். மறுநாள் காலை எங்கள் கால்நடை கிளினிக்கில் வந்து உட்காருகிறவர்களின் முகத்தில் தூங்காத இரவு தெரியும். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாயின் உடம்பில் இல்லாத ஒன்றைத் தாளில் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, தக்கலை என்று எங்கே ரத்தம் எடுத்தாலும் பல சமயம் அது மனிதர்களுக்கான லேபுக்குத்தான் போகிறது. பக்கத்தில் வேறு லேப் இல்லாதபோது அதில் தப்பில்லை. மெஷின் எண்ணைச் சொல்லிவிடும். ஆனால் அதன் அருகே அச்சாகும் நார்மல் அளவு மனிதனுடையது. வெள்ளையணு 14,000 என்றால் ‘ஹெச்’ விழும், மனிதனுக்கு மேல்வரம்பு 11,000 என்பதால். நாய்க்கு 6,000 முதல் 17,000 வரை சாதாரணம். கணையத்தின் என்சைமான அமைலேஸ் நாய்க்கு ஆயிரத்தைத் தொட்டாலும் பயமில்லை. மனித அளவில் அது பலமடங்கு அதிகம். தைராய்டு டி4 மனிதனுக்கு 5-க்கு மேல் வேண்டும், நாய்க்கு 1 முதல் 4 வரை போதும். நல்ல தைராய்டு உள்ள நாய்க்கும் ‘எல்’ விழுவது இதனால்தான். தலைகீழாகவும் நடக்கும். பிளேட்லெட் 1.6 லட்சம் என்றால் மனித அளவில் குறி எதுவும் விழாது. நாய்க்கு 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். குறி விழாத அந்த வரிதான் எங்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

அலகையும் பாருங்கள். நம் லேப்களில் வருவது பெரும்பாலும் ‘பிளட் யூரியா’. இணையத்தில் நாய்க்கு 7 முதல் 27 என்று போட்டிருப்பது யூரியா நைட்ரஜன். யூரியாவை 2.14-ஆல் வகுத்தால்தான் அந்தக் கணக்கு வரும். யூரியா 45 என்றால் நைட்ரஜன் 21, கவலையில்லை. வெளிநாட்டுத் தளங்களில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 124 என்று இருந்தால் அது மைக்ரோமோல். நம் கணக்கில் 1.4. பிளேட்லெட்டைச் சில மெஷின்கள் ஆயிரத்தில் அச்சடிக்கும். 180 என்றால் 1.8 லட்சம்.

நாய்க்கான சரியான வரம்பே இருந்தாலும், ஆரோக்கியமான நாய்களில் 95 சதவீதம் அடங்கும்படி போட்ட வரம்பு அது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது சோதனை செய்தால், நோயே இல்லாத நாய்க்கும் ஏதாவது ஒன்று வெளியே விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. ஆறு மாதக் குட்டிக்கு எலும்பு வளர்வதால் ஏஎல்பி (கல்லீரலிலும் எலும்பிலும் உள்ள என்சைம்) கூடும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடும் நாய்க்கும் கூடும். கிரேஹவுண்ட் வகை வேட்டை நாய்களுக்கு ஹீமோகுளோபின் உயர்ந்தும் பிளேட்லெட் தாழ்ந்தும் இருப்பது இயல்பு. சிப்பிப்பாறை, கன்னி நாய் வளர்ப்பவர்கள் இனத்தைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இந்த மாவட்டத்தில் ஆளைக் கலங்கடிக்கும் எண் பிளேட்லெட்தான். ரப்பர் தோட்டமும் ஈரமும் உள்ள மேற்குப் பக்கத்தில், நாயைப் பட்டி என்று சொல்கிற விளவங்கோட்டு வீடுகளில், உண்ணி இல்லாத மாதமே இல்லை. அது பரப்பும் நோய்களில் பிளேட்லெட் இறங்கும். ‘சாரே, முப்பதாயிரம்தான் உண்டு’ என்று ஓடி வருவார்கள். உடனே கேட்க வேண்டியது: ரத்தம் ஒரே குத்தில் வந்ததா? நாய் முண்டி, ஊசியை நரம்புக்குள் திருப்பித் திருப்பித் தேடி, துளித் துளியாக எடுத்த ரத்தத்தில் பிளேட்லெட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஐம்பது சேர்ந்த கட்டியை மெஷின் ஒரு வெள்ளையணு என்று எண்ணிவிடும், அல்லது எண்ணாமலே விட்டுவிடும். சிரிஞ்சில் 2 மில்லி எடுத்ததும் ஊசியைக் கழற்றிவிட்டு, ஊதா மூடிக் குழாயில் கோடு வரை மெதுவாக இறக்கி, எட்டுப் பத்து முறை சாய்த்துச் சாய்த்துக் கலக்க வேண்டும், குலுக்கக் கூடாது. மீதியைச் சிவப்பு மூடிக் குழாயில் விட வேண்டும். ஊதாக் குழாயில் வழிந்த சொட்டு சிவப்பில் விழுந்தால் அதிலுள்ள மருந்து கால்சியத்தைக் குறைத்தும் பொட்டாசியத்தை ஏற்றியும் காட்டும். அப்படி வந்த பொட்டாசியத்தைப் பார்த்து ஒரு நாயைக் கிட்னி நோயாளி ஆக்கிவிடலாம்.

மெஷின் எண்ணை நம்புவதற்கு முன் கண்ணாடித் தகட்டைப் பார்க்க வேண்டும். ஒரு துளியை இழுத்துத் தேய்த்து, சாயம் போட்டு, முதலில் இறகுபோல் மெலியும் ஓரத்தைப் பார்ப்போம். கட்டிகள் அங்கேதான் போய்ச் சேரும். கட்டி இல்லையென்றால், அணுக்கள் ஒரே அடுக்காகப் பரவிய இடத்தில் ஆயில் லென்ஸ் வைத்துப் பத்து வட்டம் எண்ணி சராசரி எடுப்போம். வட்டத்துக்கு ஒரு பிளேட்லெட் என்றால் சுமார் 15,000. பத்து இருந்தால் ஒன்றரை லட்சம். மெஷின் முப்பதாயிரம் என்று சொன்ன ரத்தத்தில் ஓரம் முழுக்கக் கட்டியாக இருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. புதிதாகக் கழுத்து நரம்பில் எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டும் பெய்கிற ஊர் இது. காற்றில் ஈரம் கூடினால் தகடு மெதுவாகக் காயும். அப்படிக் காய்ந்த சிவப்பணுக்களுக்குள் மினுமினுக்கும் புள்ளிகள் நிற்கும். பழகாத கண்ணுக்கு அது உண்ணி பரப்பும் பேபீசியா கிருமி மாதிரியே இருக்கும். லென்ஸை ஏற்றி இறக்கும்போது அந்தப் புள்ளி கண்ணாடித் துண்டுபோல் பளிச்சிட்டு மங்கும். கிருமி அப்படி மினுங்காது, அதற்குள் ஊதா நிற உட்கரு தெரியும். தேய்த்த உடனே ஹேர் டிரையரின் மிதமான காற்றில் காயவைத்தால் இந்தக் குழப்பமே வராது. பேபீசியா சந்தேகம் வலுவாக இருந்தால் காது நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்ப்பது மேல்; நுண்குழாய் ரத்தத்தில் அது கூடுதலாகக் கிடைக்கும். தகட்டில் காணவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்று ஆகாது. உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான எர்லிக்கியா விஷயத்தில் இது இன்னும் உண்மை.

மாதிரியைத் திருநெல்வேலி ராமையன்பட்டிக் கால்நடைக் கல்லூரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்புவதானால், குழாயைத் துணியில் சுற்றித்தான் ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஐஸில் நேரே பட்டால் அணுக்கள் உடையும். தகட்டை ஐஸோடு வைக்காதீர்கள், தனிப் பெட்டியில் உலர்வாகப் போகட்டும்.

எர்லிக்கியா என்று உறுதியானால் டாக்ஸிசைக்ளின். கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், 28 நாள். 20 கிலோ நாய்க்கு 200. தப்பு நடப்பது இரண்டு இடத்தில். முதலாவது, ரத்தம் ஊறட்டும் என்று இரும்பு டானிக், கால்சியம் சிரப், பால் எல்லாவற்றையும் மாத்திரையோடு சேர்த்தே கொடுப்பது. அவை மருந்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரை தொண்டையில் ஒட்டினால் புண்ணாகும், கஞ்சித் தண்ணீர் கொஞ்சம் குடிக்க வையுங்கள். இரண்டாவது, ஒரு வாரத்தில் பிளேட்லெட் ஏறி, நாய் சாளை மீனைக் கேட்டு வாலாட்டியதும் மருந்தை நிறுத்துவது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கும் இதைப் பார்க்க. ஒளிந்த கிருமி மாதக்கணக்கில் எலும்பு மஜ்ஜையைத் தின்று திரும்பி வரும்போது வெள்ளையணு, சிவப்பணு, பிளேட்லெட் மூன்றும் சேர்ந்து இறங்கியிருக்கும். அதை மீட்பது மிகக் கடினம்.

கிரியாட்டினினைத் தனியாகப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. வாந்தியில் வற்றிப்போன நாய்க்கும் 2.5 வரும்; டிரிப் ஏற்றி ஒன்றிரண்டு நாளில் திரும்ப எடுத்தால் இறங்கியிருக்கும். டிரிப்புக்கு முன் ஒரு சொட்டு மூத்திரம் பிடித்து அடர்த்தி பார்த்தால் பாதிக் கேள்வி தீரும். 1.030-க்கு மேல் என்றால் சிறுநீரகம் இன்னும் நீரைச் சுண்ட வைக்கிறது என்று அர்த்தம். மறுபக்கம், சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை நின்ற பிறகே கிரியாட்டினின் வரம்பைத் தாண்டும். அதனால் வயதான நாய்க்கு 0.9-இலிருந்து 1.3-க்கு வந்தால் ‘நார்மல்தானே’ என்று விடாதீர்கள். மழைக்காலத்தில் கிரியாட்டினின், பிலிரூபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) இரண்டும் ஏறி, பிளேட்லெட் இறங்கியிருந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். அப்போது ரத்தமும் மூத்திரமும் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே எடுத்தாக வேண்டும். அந்த மூத்திரத்தை வெறுங்கையால் துடைக்காதீர்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். மனிதருக்கும் தொற்றும்.

லிவர் எண்களுக்குக் கொஞ்சம் பொறுமை போதும். லிவருக்கு ஒருமுறை பாதிப்பு வந்து நின்றுவிட்டால் அதன் என்சைமான எஸ்ஜிபிடி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், குறையவில்லையென்றால் ஸ்கேன்.

பொறுக்கக் கூடாதவையும் உண்டு. ஈறு வெளுத்து, மூச்சு வாங்கி, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 15-க்குக் கீழே என்றால் அன்றைக்கே ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். பிளேட்லெட் உண்மையிலேயே 30,000-க்குக் கீழே என்றால் சதையில் ஊசி வேண்டாம், எலும்பு கடிக்க வேண்டாம், தார்போல் கறுத்த மலம் வந்தால் ராத்திரி என்று பார்க்காதீர்கள். குளுக்கோஸ் 40 என்று வந்து நாய் திடமாக ஓடியாடினால், ரத்தம் பிரிக்காமல் மணிக்கணக்கில் கிடந்திருக்கும். அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். நாய் தள்ளாடினால் எண்ணை நம்பி ஈறில் தேன் தடவிக்கொண்டே கிளம்புங்கள். எந்த நிலையிலும் வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் கூடாது.

அடுத்த பரிசோதனை வரை சமையலறைக் காலண்டரில் நாலு விஷயம் எழுதுங்கள்: எடை, குடித்த தண்ணீர், தூக்கத்தில் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஈறின் நிறம். பத்து கிலோ நாய் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் அதையே தனியாக டாக்டரிடம் சொல்ல வேண்டும். தூங்கும்போது மூச்சு முப்பதைத் தாண்டினாலும் அப்படித்தான். மறுபடி ரத்தம் கொடுக்கப் போகும்போது அதே லேபுக்கு, முந்தின ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்தி, காலையிலேயே போங்கள், தண்ணீர் கொடுக்கலாம். குட்டியையும் சர்க்கரை நோய் உள்ள நாயையும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி போடாதீர்கள். காலண்டர் தாளையும் பழைய ரிப்போர்ட்டையும் மடித்துக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.